தூணில் கட்டிய டயர்

செங்கல்பட்டு ரயில் நிலையத்தில் மகளை வண்டியேற்றிவிட்டுத் திரும்பும்போது கைப்பேசி அடித்தது. முட்டுக்காட்டிலிருந்து ஏழுமலை. வழக்கமாக அவர் அழைத்தால் முதலில் ஒரு சிரிப்புச் சத்தம் வரும், பேச்சு அப்புறம்தான். அன்று சிரிப்பு வரவில்லை.

“மேடம், நம்ம சாரு பூட்டாரு மேடம். காலைல காப்பி குடிச்சிட்டு நாற்காலில குந்திக்கினு இருந்தாராம், அப்டியே பூட்டாரு. லில்லி அக்காதான் போன் பண்ணுச்சி. எனுக்குக் கையும் ஓடல, காலும் ஓடல.”

ஞானப்பிரகாசம் சார் காலமாகிவிட்டார். நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்து, யார் பார்த்தால் என்ன என்று அழுதேன். பக்கத்தில் முறுக்கு விற்றுக்கொண்டிருந்த அம்மாள் என் தோளைத் தட்டி, “இன்னாம்மா நீ, பொண்ண அனுப்ச்சதுக்கா இப்டி அழுவுற? தீபாவளிக்கி வந்துடும்மா” என்றார். அழுகைக்கு நடுவே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஞானம் சார் பக்கத்தில் இருந்திருந்தால் அந்த அம்மாளிடம் முறுக்கு வாங்கித் தின்றுகொண்டே முழுக் கதையையும் விசாரித்திருப்பார்.

முப்பதாம் நாள் பூசைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க ஏதாவது எழுதித் தா என்று அவருடைய மனைவி லில்லி அக்கா கேட்டார். “அழுவாச்சியா எழுதாத. அவருக்குப் புடிக்காது” என்றும் சொல்லிவிட்டார். எனக்கும் அழுவாச்சி எழுத வராது. சண்டை போடத்தான் வரும். அவரோடு போட்ட சண்டைகளைத்தான் எழுதப் போகிறேன்.

அவரைத் தெரியாதவர்களுக்காக முதலில் எங்கள் வேலையைச் சொல்ல வேண்டும். கழிமுகத்திலோ துறைமுகத்திலோ பாலம் கட்டினால் அதன் கால்கள் தண்ணீருக்குள் நிற்கும். அந்தக் கால்களுக்கு நடுவே கப்பலும் படகும் போய்வரும். என்றாவது ஒரு நாள் ஒன்று தடுமாறிக் காலில் மோதும். பாலம் மேலிருந்து வரும் பாரத்தைச் சுமக்கப் பழகியது. பக்கத்திலிருந்து வரும் இடி அதற்குப் பகை. அதனால் பாலக் காலுக்கு முன்னால், அதைத் தொடாமல், தண்ணீரில் தனியாகக் காவல் தூண்கள் நடுவோம். அவற்றில் கனமான ரப்பர் தாங்கிகளைப் பொருத்துவோம். கப்பல் வந்து அவற்றின்மேல் மோதட்டும், பாலத்தை விட்டுவிடட்டும் என்பதுதான் கணக்கு. படூரில் இருந்த எங்கள் அலுவலகத்தில் இதற்கென்றே ஒரு சிறு பிரிவு இருந்தது. ஞானம் சார் அந்தக் காவல் தூண்களை வடிவமைப்பார். நான் அவருடைய கணக்கைச் சரிபார்ப்பேன். அதாவது, குற்றம் கண்டுபிடிப்பதற்கு எனக்குச் சம்பளம்.

இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். நான் திருச்சிக்காரி. பேச்சில் மரியாதை குறைந்தால் முகம் சுளிப்பேன். அவர் சிங்கப்பெருமாள் கோயிலுக்கு அந்தப் பக்கம் பிறந்தவர். அவருடைய பெற்றோர் பிறர் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். அதை அவர் மறைத்ததும் இல்லை, கூட்டத்தில் எடுத்து வைத்துக் கைதட்டு வாங்கியதும் இல்லை. முதல் நாளே என் மேசைக்கு வந்து, “இன்னா மேடம், நாஸ்தா ஆச்சா?” என்றார். நான் முகம் சுளித்தேன். அவர் கவலைப்படாமல் என் மேசையிலேயே பொட்டலத்தைப் பிரித்து, ஒரு மசால் வடையை என் பக்கம் தள்ளினார். வடை நன்றாக இருந்தது. சரி, ஆள் பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்த வேலையும் தாளில் தொடங்காது, தண்ணீரில்தான் தொடங்கும். பிரிவில் இருந்த எல்லோரையும் ஒரு நாள் முட்டுக்காட்டுக்குக் கூட்டிப்போய், மிதிபடகு ஒன்றில் என்னை உட்கார வைத்தார். தூரத்தில் தண்ணீரில் நின்ற ஒரு கம்பத்தைக் காட்டி, “அதுங்கிட்டப் போயி, படாம நிறுத்துங்க பாக்கலாம்” என்றார். இதென்ன பெரிய வித்தை என்று மிதித்தேன். கம்பம் நெருங்கியதும் மிதிப்பதை நிறுத்தினேன். படகு நிற்கவில்லை. பின்னால் மிதித்தேன், அப்போதும் நிற்கவில்லை. காற்று ஒரு தள்ளுத் தள்ளியது. நேராகப் போய் முட்டியதில் என் கைப்பை தண்ணீரில் விழுந்தது.

கரையில் அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “தண்ணில ஏது மேடம் பிரேக்கு? உங்களுக்கே நிக்கல. அம்மாம் பெரிய கப்பலு எப்டி நிக்கும்?”

அன்று முழுக்க நான் அவரோடு பேசவில்லை. ஆனால் அதற்குப் பிறகு மோதுகிற கப்பலை ஓட்டியவன் கவனமில்லாதவன் என்று நான் எந்தக் குறிப்பிலும் எழுதவும் இல்லை.

எங்களுடைய பெரிய சண்டை ஒரு துறைமுகக் கால்வாய்ப் பாலத்தைப் பற்றியது. காவல் தூண்களை மலை மாதிரி கெட்டியாகக் கட்ட வேண்டும் என்பது என் கட்சி. பாலத்துக்குப் பாதுகாப்பு, கணக்கும் எளிது. அவர் ஒத்துக்கொள்ளவில்லை. தூண் வளைந்து கொடுக்க வேண்டும், ரப்பர் நசுங்கிக் கொடுக்க வேண்டும், வருகிற வேகத்தை மெல்ல வாங்கிக்கொள்ள வேண்டும் என்றார்.

“பாலம் பொழைச்சிக்கும் மேடம், ஒத்துக்கிறேன். கல்லுல மோதுனா படகு இன்னா ஆவும்? உள்ள கீற ஆளு இன்னா ஆவான்?”

“சார், நமக்கு வேலை கொடுத்தது பாலத்தைக் காப்பாற்ற. படகைக் காப்பாற்ற அல்ல.”

“இடிக்கிறவனும் நம்ம ஆளுதான் மேடம்.”

இந்த ஒரு வாக்கியத்தை நான் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. கூட்டத்தில் சொல்வார், கேண்டீனில் சொல்வார், எரிச்சலாக இருக்கும். ஆனால் அவர் வளைகிற தூணுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தால் என்னால் குறை சொல்ல முடியாது. அந்தச் சண்டையில் அவர்தான் ஜெயித்தார்.

அடுத்த சண்டையில் நான் ஜெயித்தேன், அதையும் எழுதத்தான் வேண்டும். வளைந்து கொடுக்க இடம் வேண்டும் என்று இன்னொரு பாலத்துக்குத் தூண்களை நன்றாக வெளியே தள்ளி வட்டமாக நட்டிருந்தார். அழகான வேலை. வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், ஏதோ உறுத்தியது. அளந்து பார்த்தால், படகு போகும் வழி பாதியாகக் குறுகியிருந்தது. இதுவரை இடிக்காமல் போனவனும் இனிமேல் இடித்துவிட்டுத்தான் போவான்.

“சார், திருடனுக்குப் பயந்து வாசலையே அடைச்சிட்டீங்க” என்றேன்.

தாளை இழுத்துத் தானும் அளந்து பார்த்தார். பிறகு தலையில் அடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். வெட்கப்பட்டு மறைப்பார் என்று நினைத்தேன். அவரோ அந்த வரைபடத்தைத் தூக்கிக்கொண்டு மேசை மேசையாகப் போய், “பாத்தியா, நா பண்ண வேலைய? வழியையே மூடிட்டேன்யா!” என்று எல்லோருக்கும் காட்டினார். சாயங்காலம் எல்லோருக்கும் மசால் வடை. புதிதாகச் சேர்கிறவர்களிடம் பல வருடம் இந்தக் கதையை அவரே சொல்லிக்கொண்டிருந்தார். தன் தவறை இவ்வளவு சந்தோஷமாகச் சொல்லித் திரிந்த மனிதரை நான் வேறு பார்த்ததில்லை.

டயர் விவகாரத்துக்கு வருகிறேன். படூரில் அவர் குடியிருந்த அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில், கார் நிறுத்தும் இடத்தில், வழியை ஒட்டி ஒரு தூண். பின்னால் எடுக்கிற வண்டியெல்லாம் அதில் ஒரு முத்தம் கொடுக்காமல் வெளியே போகாது. ஞானம் சார் சும்மா இருப்பாரா? பழைய லாரி டயர் இரண்டைக் கொண்டுவந்து தூணைச் சுற்றிக் கயிற்றால் கட்டிவிட்டார். அடுக்ககச் சங்கச் செயலாளருக்குக் கோபம் தலைக்கேறியது. பெயிண்ட் அடித்த தூணில் பஞ்சர் கடை மாதிரி டயரா என்று கூட்டம் போட்டார். கூட்டத்தில் ஞானம் சார் எழுந்து மோதல் விசையைப் பற்றி விளக்கத் தொடங்க, பாதிப் பேர் தூங்கிவிட்டார்களாம். கடைசியில் லில்லி அக்கா எழுந்து, “கறுப்பும் மஞ்சளுமா பெயிண்ட் அடிச்சிட்டா நல்லாத்தான்பா இருக்கும். முடிங்க, சோறு ஆறுது” என்றார். அப்படியே தீர்மானம் ஆனது. அன்றிலிருந்து அவருக்கு ‘டயர் சார்’ என்று பெயர். அடுத்த மாதமே செயலாளர் தன் புதுக் காரைப் பின்னால் எடுத்து டயரில் முட்டினாராம். கீறல்கூட இல்லை. அதன் பிறகு அவர் டயரைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை.

இவ்வளவு சிரிக்கிற மனிதருக்கு உள்ளே ஒரு குறை இருந்தது. ஒரு முறை தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது என்னிடம் மட்டும் சொன்னார்.

“மேடம், நாம இத்தினி பாலத்துக்குக் காவல் போட்டோம். ஒண்ணுலகூட இதுவரைக்கும் எவனும் இடிக்கல. இடிக்கக் கூடாதுதான். யாரும் இடிக்காம இருக்கணும்னுதான் ஞாயித்துக்கெழம கோயில்ல முட்டி போடுறேன். ஆனா நா போட்ட கணக்கு நெசமா ஆளக் காப்பாத்துமா, காப்பாத்தாதா? தெரியாமலே பூடுவேனா?”

நான் கேலி செய்தேன். தீயணைப்பு வண்டிக்காரர் ஊர் பற்றி எரியணும் என்று வேண்டிக்கொள்கிற கதை என்றேன். அவர் சிரித்தார், ஆனால் கண் சிரிக்கவில்லை. ஒவ்வொரு மழைக்காலத்திலும் நாங்கள் காவல் போட்ட பாலங்களுக்கெல்லாம் தொலைபேசி போட்டு, “எல்லாம் நல்லாக் கீதா? எவனாவது இடிச்சானா?” என்று விசாரிப்பார். இல்லை என்றால், “நல்லது, நல்லது” என்று வைத்துவிடுவார். அந்த இரண்டாவது ‘நல்லது’ கொஞ்சம் இறங்கிக் கேட்கும்.

அவருடைய கடைசி வேலை முட்டுக்காட்டுக்குத் தெற்கே கழிமுகத்தின்மேல் கட்டிய ஒரு சின்னப் பாலம். பெயர் வேண்டாம். அதன் கால்களுக்கும் காவல் தூண் போட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். பாலத்துக்குப் பொறுப்பாக இருந்த மூத்த பொறியாளர் தாளைத் தள்ளிவிட்டார். “இங்க கப்பலா வரப் போகுது? மிதிபடகுக்கு எதுக்குங்க கோட்டைச் சுவர்?”

“மழை வந்தா மெதக்கிறது எல்லாமே கப்பல்தான் சார். ஆடிக் காத்துல அம்மியே பறக்குது. பாலத்துக்கு மேலாண்ட ஒரு தூர்வாரும் மிதவை கட்டிக் கீது, அது கயித்த அறுத்துக்கினு வந்தா?”

பேச்சு எடுபடவில்லை. அப்போது ஞானம் சார் தன் பழைய வித்தையை எடுத்தார். பாலத்தைத் தண்ணீரிலிருந்து ஒரு தடவை பார்க்கலாம் வாங்க என்று அந்தப் பொறியாளரைப் படகில் ஏற்றினார். நானும் போனேன். அந்தத் தூர்வாரும் மிதவையில் வேலை பார்த்த ஏழுமலைதான் படகை ஓட்டினார். அன்றைக்குத்தான் ஏழுமலையை நாங்கள் முதலில் பார்த்தோம். நல்ல காற்று. பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஞானம் சார் கண்ணைக் காட்ட, ஏழுமலை என்ஜினை நிறுத்திவிட்டார். படகு பக்கவாட்டில் திரும்பிப் பாலக் காலை நோக்கிப் போகத் தொடங்கியது. பொறியாளர் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“ஏய், நிறுத்துப்பா!”

“நிறுத்திட்டேன் சார். அதான் இப்டிப் போவுது” என்றார் ஏழுமலை, நிதானமாக.

கடைசியில் மூங்கில் கழியை ஊன்றி அவரே தடுத்தார். கரையேறியதும் பொறியாளர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “போட்டுக்குங்க” என்று ஒரே வார்த்தை சொன்னார். காவல் தூண்கள் வந்தன. வளைகிற தூண்கள், ரப்பர் தாங்கியோடு. இம்முறை வழி குறுகாமல் இருக்கிறதா என்று அவரே என்னிடம் கொண்டுவந்து அளக்கச் சொன்னார். அதோடு ஓய்வு பெற்றார். அடுத்த வருடம் இதயத்தில் அறுவைச் சிகிச்சையும் ஆனது.

அதற்கடுத்த மழைக்காலத்தில், விடாமல் பெய்த ஒரு நாள் மத்தியானம், அவர் பயந்தபடியே ஆயிற்று. ஏரிகளெல்லாம் திறந்துகொண்டு வெள்ளம் கடலைப் பார்த்து ஓடியது. மிதவை கயிற்றை அறுத்துக்கொண்டது. அதன் மேல், கயிற்றை இழுத்துக் கட்டப் போன ஏழுமலை. பாலத்தின்மேல் ஆட்களோடு ஒரு பேருந்து ஊர்ந்துகொண்டிருந்தது. மிதவை நேராகப் போய்க் காவல் தூணில் மோதிற்று.

செய்தி என் வழியாகத்தான் அவருக்குப் போனது. மிதவை இடித்துவிட்டது, சார் என்றேன். எத்தனையோ வருடம் காத்திருந்த மனிதர். தூண் என்ன ஆயிற்று, பாலம் என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை.

“ஏழுமலை எப்டி கீறான்?”

உயிரோடு இருக்கிறார் என்றேன். “அப்ப வண்டி எடுங்க மேடம்” என்றார். மழையில் போகக் கூடாது என்று லில்லி அக்கா கத்தினார், நானும் கத்தினேன். கேட்கவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு லில்லி அக்காவும் ஏறிக்கொண்டார்.

போய்ப் பார்த்தால் மிதவை தூண்களில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தது. பேருந்து எப்போதோ ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது. பாலக் காலில் ஒரு கீறல் இல்லை. காவல் தூண்கள் மட்டும், கணக்கில் எழுதியிருந்தபடியே, பின்னால் சாய்ந்து வளைந்திருந்தன. ஞானம் சார் மழையில் நின்று அதைப் பார்த்தார்.

“வளைஞ்சிக்கினு கீது மேடம்! பாருங்க, வளைஞ்சிக்கினு கீது!”

கன்னத்தில் வழிந்தது மழை மட்டும் இல்லை. நானும் அழுதேன். அதற்குள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு ஏழுமலை வந்துவிட்டார், ஒரே கோபம்.

“இன்னா சாரு, நல்லா நட்டுக்கிறீங்க கம்பம்! குப்புற வுழுந்து பல்லு பூட்ச்சி சாரு, முன்னாடிப் பல்லு!”

ஞானம் சார் அவரை அப்படியே கட்டிப்பிடித்துக்கொண்டார். “பல்லுதானேடா நைனா! பல்லுதானே!”

“தலைக்கு வந்தது பல்லோட போச்சுன்னு வெச்சிக்கப்பா” என்று லில்லி அக்கா சொல்ல, ஏழுமலைக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பில்தான் பல் இல்லாததை நாங்கள் பார்த்தோம். மறுநாள் ஞானம் சாரே அவரைப் பல் மருத்துவரிடம் அழைத்துப்போய்ப் புதுப் பல் கட்ட வைத்தார். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழுமலை நண்டோ இறாலோ கொண்டுவந்து லில்லி அக்காவிடம் கொடுத்துவிட்டு, ஞானம் சாரோடு உட்கார்ந்து பழங்கதை பேசுவார். “அன்னிக்கி இடிச்சனே” என்று ஏழுமலை ஆரம்பித்தாலே ஞானம் சார் முகம் மலர்ந்துவிடும். மழைக்காலத்தில் பாலங்களுக்குத் தொலைபேசி போடுவதை மட்டும் அவர் விடவில்லை. அந்த இரண்டாவது ‘நல்லது’ இப்போது முதலாவதைப் போலவே கேட்டது.

இறுதி நாளுக்கு வருகிறேன். எல்லா அடுக்ககங்களிலும் நடப்பதுபோல, அவரையும் கீழ்த்தளத்தில் கார் நிறுத்தும் இடத்தில்தான் கிடத்தியிருந்தோம். சுற்றிலும் வாடகை நாற்காலிகள். பழைய அலுவலகத்தார், கோயில்காரர்கள், அடுக்ககத்தார். செயலாளர் தலைமாட்டை விட்டு நகரவில்லை. ஜெபம் முடிந்தது, பெட்டியை ஊர்தியில் ஏற்றினோம். சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துக் கல்லறைத் தோட்டத்துக்குப் போக வேண்டும். வண்டி பின்னால் வந்து திரும்பித்தான் வெளியேற முடியும். கூட்டம், இருட்டு, ஆளாளுக்கு “வா, வா, இன்னும் வா” என்று கை காட்டினார்கள்.

‘தொம்’ என்று ஒரு சத்தம்.

எல்லோரும் திரும்பினோம். வண்டியின் பின்பக்கம் தூணில் கட்டிய கறுப்பு மஞ்சள் டயரில் அமுங்கி நின்றிருந்தது. ஓட்டுநர் வெளிறிப்போய் இறங்கி ஓடிவந்தார். சாவு வண்டியைக் கொண்டுபோய் இடித்துவிட்டோமே, இவர்கள் என்ன சொல்லப் போகிறார்களோ என்ற பயம் முகத்தில் அப்படியே தெரிந்தது. “மன்னிச்சிக்கம்மா, தெரியாம...” என்று லில்லி அக்காவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

லில்லி அக்கா அந்த டயரைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். பிறகு சிரித்தார். சிரிப்போடு அழுகையும் சேர்ந்து வந்தது.

“ஒண்ணும் ஆவலப்பா. நீ பயப்படாத. உனுக்காகத்தான் அவரு அதக் கட்டி வெச்சாரு.”

ஏழுமலை வந்து ஓட்டுநரின் தோளில் கை போட்டார். “இடிக்கிறவனும் நம்ம ஆளுதான் அண்ணாத்த. மெதுவா எடு” என்றார். ஞானம் சார் கட்டிவைத்த அந்தப் பல் தெரியச் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வண்டி டயரை விட்டு நகர்ந்தது. அமுங்கியிருந்த ரப்பர் மெல்ல எழுந்து பழையபடி ஆனது. நான் போய் அதைத் தொட்டுப் பார்த்தேன். தூணிலும் கீறல் இல்லை, வண்டியிலும் கீறல் இல்லை.

ஞானம் சார், உங்கள் கணக்கைக் கடைசி முறையாகச் சரிபார்த்துவிட்டேன். குற்றம் ஒன்றும் இல்லை. நிம்மதியாகப் போய் வாருங்கள்.